நாற்பத்தொன்றுக்குக் கீழே

வெள்ளிக்கிழமை, சம்பளம்.
கெயோன் துறையில் மூன்றாம் நாளாக மழை.
அலுவலக விறகடுப்பு புகைகிறது.
கண்ணாடிக்கு அப்பால்
கன்வேயரில் சிப்பிகள் சரசரத்து ஓடுகின்றன.

ஒரியானா ராயின் வந்து நின்றாள்.
ரப்பர் ஏப்ரனிலிருந்து சொட்டிய தண்ணீர்
என் மேசைக்கடியில் குளம் கட்டியது.
"எனக்கு மட்டும் கவர் இல்லையா, நெல்டா?"

திங்களன்றுதான் சேர்ந்தவள்.
ஐந்து நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ
ஓடு நீக்கியிருக்கிறாள். எடைச்சீட்டு இருக்கிறது.
தாளிலும் இருக்கிறாள், நாற்பத்திரண்டாம் வரிசையில்.
கூட்டலில்தான் இல்லை.

மேக்ரோ, ரெனே பாரியா எழுதியது.
வடக்கே செம்புச் சுரங்கத்துக்கு
அவன் போய் இரண்டு வருடம்.
அன்றைக்கு நாங்கள் நாற்பது பேர்.
தலைப்புக்கு ஒரு வரிசை, ஆளுக்கு ஒரு வரிசை.
மேற்கோள் குறிகளுக்குள்
சி2 முதல் சி41 வரை என்று
வேலியடித்துவிட்டுக் கப்பலேறினான்.
தப்பில்லை, அன்றைக்கு அது உண்மை.
உண்மையை ஆணியடித்து வைத்ததுதான்
வினை.

41-ஐ 42 ஆக்கலாம்.
ஒரு விரல், ஒரு நொடி.
ஆனால் வரும் திங்கள் இரண்டு பேர் சேர்கிறார்கள்,
மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்.
அவர்களும் இதே இடத்தில்
சொட்டச் சொட்ட வந்து நிற்பார்கள்.

எண்ணை எடுத்தேன்; அங்கே ஒரு பெயர் வைத்தேன்:
உல்த்திமா.
எங்கள் மொழியில் கடைசி வரிசை பெண்பால்.

முதலில் அதையும் மேற்கோளுக்குள் தள்ளினேன்.
பிழை 1004 என்றது எந்திரம்.
அந்தக் குறிகளுக்குள் போனால் பெயரும் வெறும் எழுத்து;
கூப்பிட்டால் உள்ளிருந்து ஒருவரும் எழுந்து வரமாட்டார்கள்.
சி என்ற எழுத்தோடு குறியை மூடினேன்.
வெளியே & என்றொரு முடிச்சு.
முடிச்சுக்கு அந்தப் பக்கம் உல்த்திமா,
குறியில்லாமல், காற்றாட.

சரி, அவள் யார்? எத்தனையாவது?
மேலிருந்து இறங்கிப் பார்க்கச் சொன்னேன்.
நிரம்பிய செல் தீருமட்டும் இறங்கு.
பதினாறில் நின்றுவிட்டது.
பதினேழில் தீத்தோ மான்சியா.
கையில் கொதிநீர் கொட்டி வாரம் முழுக்க வீட்டில்.
அவன் கிலோ இருக்க வேண்டிய இடம் வெற்று.
அந்த ஒரு காலியிடத்தைக் கண்டதும்
உலகம் அவ்வளவுதான் என்று
திரும்பி வந்துவிட்டது.
பள்ளத்துக்கு அப்பால் இருபத்தைந்து பேர்,
ஒரியானா உட்பட, நான் உட்பட.

ஆக, கீழிருந்து.
பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து
ஐந்நூற்று எழுபத்தாறாம் வரிசை.
தாளின் அடித்தரை. இன்றுவரை அங்கே யாருக்கும் வேலை இருந்ததில்லை.
அங்கிருந்து மேலே வா.
எதில் முதலில் முட்டுகிறாயோ அங்கே நில்,
எண்ணைச் சொல்.

என் தம்பி சிப்பிக்கு முக்குளிப்பவன்.
ஏறி வரும்போது ஒரு கையைத்
தலைக்குமேல் நீட்டிக்கொண்டே வருவானாம்,
படகின் அடி எங்கே என்று தெரியாதல்லவா.
அப்படித்தான் வந்தது.
ஒரு மில்லியன் வெறுமையைக் கடந்து,
கண் சிமிட்டும் முன்னால்,
நாற்பத்திரண்டு.
கை பட்டது ஒரியானா மேல்.

கவரை இரண்டு முறை எண்ணினாள்.
"என்னதான் கோளாறு?"
"வேலி உனக்கு முன்னாலேயே போட்டது.
நீ வெளியே நின்றாய்."
"எங்கள் நிலமும் அப்படித்தான்," என்றாள்,
புகார் போலக்கூட இல்லை,
ஏப்ரனுக்குள் கவரைச் செருகிக்கொண்டே.
எனக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.
அவள் தாத்தாவின் நிலத்தில்தான்
இந்தக் கிடங்கு நிற்கிறதென்று கேள்வி.

தீத்தோவின் வெற்று செல்லில்
பூஜ்யம் போடச் சொல்கிறார் கணக்காளர்.
போடவில்லை.
பூஜ்யம் என்றால் வந்து, ஒன்றும் செய்யாதவன்.

மாப்பை எடுத்துக் குனிந்தேன்.
மேசைக்கடியில் குளம்
அடுப்புவரை போயிருந்தது.
எதுவரை என்று
அதனிடம் யார் சொன்னார்கள்?